புஸ்ஸ்ஸ்... ஒரு வால்வு புராணம்

டர்போ கார் வெச்சிருக்கறவங்க எல்லாருக்கும் ஒரு கட்டத்துல ஒரு வியாதி வரும். கியர் மாத்தறப்போ "புஸ்ஸ்ஸ்"னு ஒரு சத்தம் வரணும். அது பக்கத்து லேன்ல நிக்கறவனுக்குக் கேக்கணும். கேட்டு அவன் திரும்பிப் பாக்கணும். இந்த வியாதிக்கு மருந்து விக்கறவங்க உலகம் முழுக்க இருக்காங்க. மருந்தோட பேரு ப்ளோ-ஆஃப் வால்வு, சுருக்கமா பிஓவி. விலை பொதுவா 150 டாலர்ல இருந்து 300 டாலர் வரைக்கும்.

போன ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச நேரமெல்லாம் எனக்கு இதே வேலை. எந்த வால்வு வாங்கறது? கேக்க மொக்கையான கேள்விதான். ஆனா யோசிக்க யோசிக்க உள்ள இழுத்துட்டுப் போச்சு. அதை அப்படியே எழுதி வெச்சுடறேன், இதே கேள்வியோட சுத்தற இன்னொரு ஆத்மாவுக்கு உதவும்.

முதல்ல வண்டி. 2013 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ். 2.5 லிட்டர், நாலு சிலிண்டரும் படுத்த வாக்குல இருக்கற பாக்ஸர் எஞ்சின், 265 குதிரைசக்தி, 5 ஸ்பீட் மேனுவல். டல்லாஸ் வந்து சேர்ந்து, கல்விக் கடன் எல்லாம் அடைச்சு முடிச்சு, 2023-ல செகண்ட் ஹேண்டா வாங்கினது. காலேஜ் ஹாஸ்டல்ல ரூம்மேட்டோட பழைய கம்ப்யூட்டர்ல 2005-ல வந்த நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட் ஆடி ஆடித்தான் எனக்கு டர்போன்னா என்னன்னே தெரியும். அதுலயும் கியர் மாத்தினா அந்த "புஸ்ஸ்" வரும். ஆக வியாதிக்கிருமி உள்ள போய் பல வருஷம் ஆச்சு :-)

ஆனா இந்தத் தடவை சத்தத்துக்காக ஆரம்பிக்கல. வண்டியில கொஞ்ச நாளா இழுவை கம்மியா இருந்தது. லேப்டாப்பை மாட்டி லாக் எடுத்துப் பார்த்தேன் (பொட்டி தட்டறவன் வேற என்ன பண்ணுவான்). வேஸ்ட்கேட் ட்யூட்டி முன்னைவிட மேல போகுது, பூஸ்ட் மட்டும் ஏற மாட்டேங்குது. அதாவது கம்ப்யூட்டர் டர்போவை "இன்னும் ஊது, இன்னும் ஊது"ங்குது, ஊதின காத்து எங்கயோ போகுது. ஹோஸ், கிளாம்ப் எல்லாம் நல்லா இருந்தது. வண்டியோடவே வந்த பைபாஸ் வால்வைக் கழட்டி, கை வேக்குவம் பம்பை அதோட நிப்பிள்ல மாட்டி இழுத்தேன். முள்ளு ஏறின வேகத்துல இறங்கிடுச்சு. உள்ள இருக்கற ரப்பர் டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு. 12 வருஷம் எஞ்சின் சூட்டுல, அதுவும் டெக்சாஸ் வெயில்ல வெந்த ரப்பர். அது உழைச்ச உழைப்புக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

ஆக வால்வு மாத்தியே ஆகணும். மாத்தறதுதான் மாத்தறோம், அந்த "புஸ்ஸ்" வால்வையே மாட்டிட்டா? மனசு அங்கதான் வந்து நின்னுச்சு.

இந்த வால்வு என்ன பண்ணுதுன்னு பார்த்துடலாம். டர்போங்கறது ஒரு காத்து பம்ப். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்தி, காத்தை அமுக்கி, இன்டர்கூலர் வழியா எஞ்சினுக்கு அனுப்பும். வழியில த்ராட்டில்னு ஒரு கதவு. நீங்க ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்த உடனே அந்தக் கதவு மூடிக்கும். ஆனா டர்போ உடனே நிக்காது. அமுக்கின காத்து போக வழியில்லாம கதவுல மோதித் திரும்பி, சுத்திட்டிருக்கற கம்ப்ரசர் சக்கரத்து மேலயே வந்து அடிக்கும். இதுக்குப் பேரு கம்ப்ரசர் சர்ஜ். "ஸ்டுடுடுடு"ன்னு புறா மாதிரி சில வண்டி சத்தம் போடுமே, அது இதுதான். நிறைய பேரு அதை பிஓவி சத்தம்னு நினைச்சுக்கறாங்க. உண்மையில வால்வே இல்லாம, இல்ல வால்வு சரியாத் திறக்காம, காத்து சக்கரத்தை அறையற சத்தம் அது.

இதைத் தவிர்க்கத்தான் வால்வு. த்ராட்டில் மூடின உடனே திறந்து, மாட்டிக்கிட்ட காத்துக்கு ஒரு வழி விடும். அந்த வழி எங்க போகுதுங்கறதுலதான் ரெண்டு கட்சி. ஒண்ணு, காத்தை வெளிய விட்டுடறது. "புஸ்ஸ்ஸ்". இன்னொண்ணு, ஒரு ஹோஸ் வழியா டர்போவோட வாய்க்கே திருப்பி விடறது. பெருசா சத்தம் வராது. ரீசர்குலேட்டிங், பைபாஸ், டைவர்ட்டர், பிளம்ப்-பேக்னு இதுக்கு நாலு பேரு. கம்பெனியில இருந்து என் வண்டிக்கு வந்தது இந்த ரெண்டாவது வகை.

அப்பாகிட்ட ஞாயித்துக்கிழமை பேசறப்போ இதைச் சொன்னேன். கோயமுத்தூர்ல முப்பது வருஷம் மோட்டார் பம்ப் ரிப்பேர் பட்டறை நடத்தின மனுஷன். காரு, டர்போ எல்லாம் அவருக்கு சம்பந்தமே இல்ல.

"ஏஞ்சாமி, பம்பு ஓடறப்ப டெலிவரில கேட் வால்வ டக்குனு மூடுனா பைப்பு டமார்னு அடிக்குமே, அந்த மாதிரியா?"

"அதே தானுங்ப்பா."

"அப்ப ஒரு பைபாஸ் வெக்கோணும். அந்தத் தண்ணிய வாய்க்கால்ல விடலாம், இல்லீனா திருப்பி விடலாம். இதுல என்ன யோசன?"

"நடுவுல ஒரு மீட்டர் இருக்குதுங்ப்பா. பம்புக்கு முன்னாடியே. எவ்வளவு தண்ணி உள்ள வந்துச்சுன்னு அது எண்ணும். அந்தக் கணக்க வெச்சுத்தான் தண்ணில எவ்வளவு உரம் கலக்கோணும்னு ஒரு மிஷின் முடிவு பண்ணும்."

ரெண்டு செகண்ட் சத்தமே இல்ல.

"அப்ப வாய்க்கால்ல உடாத. மீட்டர் எண்ணுன தண்ணி வெளிய போயிரும், ஒரம் மட்டும் முழுசா வந்து உழுகும். பயிரு கருகிப் போயிரும். கெணத்துக்கும் உடாத, மறுக்கா மீட்டர்ல ஏறி ரெண்டு கணக்காயிரும். மீட்டருக்கு இந்தப் பக்கம், பம்பு உறிஞ்சற பைப்புல சேத்துரு."

மக்களே, நான் மூணு வாரமா படிச்சதை அவர் மூணு வாக்கியத்துல முடிச்சுட்டார். அப்படியே மாத்திப் போட்டுக்கங்க. தண்ணிதான் காத்து, உரம்தான் பெட்ரோல். அந்த மீட்டர் பேரு எம்ஏஎஃப் சென்சார், ஏர் ஃபில்டருக்குப் பக்கத்துல, டர்போவுக்கு முன்னாடி உக்காந்திருக்கும். உரம் கலக்கற மிஷின்தான் ஈசியூ. காத்தை வெளிய விட்டா, எண்ணின காத்து எஞ்சினுக்கு வராது, ஆனா அதுக்கான பெட்ரோல் வரும். கொஞ்ச நேரம் எஞ்சின் ரிச்சா ஓடும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துங்கறது சரியான கலவை. அது தடால்னு கீழ விழும்.

"கொஞ்ச நேரம்தானே, என்ன ஆகிடப் போகுது?" இதுதான் என் நண்பனோட வாதம். அவன் இர்விங்ல இருக்கான், அவனும் டபிள்யூஆர்எக்ஸ், 2011 மாடல். வெளிய விடற வால்வு மாட்டி ஒரு வருஷம் ஆச்சு. "மச்சி, சவுண்டு இல்லாம டர்போ எதுக்குடா? அதுக்கு கேம்ரி வாங்கிருக்கலாம்ல?" ஒரு சனிக்கிழமை அவன் வண்டியிலயே லேப்டாப்போட ஏறி உக்காந்துட்டேன்.

சத்தம் சூப்பர், அதைப் பொய் சொல்ல மாட்டேன். கோயில் பார்க்கிங்ல இருந்து கிளம்பறப்போ அவன் ஒரு தடவை விட்டதுல, செருப்பு மாட்டிட்டிருந்த ஒரு மாமா டயர் பங்ச்சர்னு நினைச்சு தன் வண்டியைச் சுத்திப் பார்த்தார். எனக்கே சிரிப்பு தாங்கல. ஆனா மடியில லாக் ஓடிட்டிருந்தது. அவன் ஒவ்வொரு தடவை காலை எடுக்கறப்பவும் கலவை 11 பக்கத்துல போய் ஒட்டிக்குது. வண்டியோட சென்சாரால அதுக்குக் கீழ படிக்கவே முடியாது. நிஜம் இன்னும் கீழயும் இருக்கலாம்.

அப்புறம் அது நடந்துச்சு. நல்ல வேகத்துல வந்து, காலை எடுத்து, கிளட்ச்சை அமுக்கி, ஒரு சிக்னல்ல இடது பக்கம் திரும்பப் போறான். "புஸ்ஸ்". ஆர்பிஎம் முள்ளு 700-ல நிக்காம நேரா கீழ இறங்கி எஞ்சின் அணைஞ்சு போச்சு. அதிகப் பெட்ரோல்ல மூச்சு முட்டி நின்னுடுச்சு. எதிர்ல மூணு லேன் ட்ராஃபிக். எங்க வண்டிகள்ல பவர் ஸ்டியரிங் எஞ்சின் ஓடினாத்தான் வேலை செய்யும், அதனால ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. அவன் பதறாம மறுபடி ஸ்டார்ட் பண்ணி, "அப்பப்ப இப்படிப் பண்ணும்டா, பழகிரும்"னான்.

எனக்குப் பழக விருப்பமில்ல. ஏன்னா என் வண்டியில பக்கத்து சீட்டுல உக்காரப் போறது தங்கமணி, அவங்களுக்கு இப்போ எட்டாம் மாசம். எங்ககிட்ட இருக்கறது இந்த ஒரே கார். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில இடது பக்கத் திருப்பம் மட்டும் நாலு இருக்கு. எண்ணிட்டேன்.

அணையறது மட்டும் பிரச்சினையில்ல. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்ல போய் எரிஞ்சு அதைச் சூடாக்கும். அடிக்கடி நடந்தா அதோட ஆயுசு குறையும். செக் எஞ்சின் லைட்டும் வரலாம். டெக்சாஸ்ல 2025 ஜனவரியில இருந்து சாதாரண கார்களுக்கு சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது. ஆனா டல்லாஸ் சுத்துவட்டார கவுண்டிகள்ல புகை டெஸ்ட் இன்னும் உண்டு. என் வண்டி மாதிரி வண்டிக்கு ஓபிடி போர்ட்ல மாட்டித்தான் பார்ப்பாங்க. லைட் எரிஞ்சா ஃபெயில். ஃபெயில்னா ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க முடியாது.

ஒரு நியாயம் சொல்லிடணும். எல்லா வண்டிக்கும் இந்தப் பிரச்சினை இல்ல. எம்ஏஎஃப் இல்லாம, மேனிஃபோல்டுல இருக்கற அழுத்தத்தை அளந்து காத்தைக் கணக்குப் போடற வண்டிகள் உண்டு. அதுல காத்தை வெளிய விட்டாலும் கணக்கு பெருசா உதைக்காது. ஆகவே முதல் கேள்வி "எந்த பிராண்டு?" இல்ல. "என் வண்டி காத்தை எங்க அளக்குது?" அதுதான்.

சரி, கடைக்கு வருவோம். நான் பார்த்து ஒதுக்கினதையும் சொல்றேன்.

ஹெச்கேஎஸ் எஸ்எஸ்க்யூவி: ஜப்பான்காரங்க வால்வு, இந்த உலகத்துல இதுதான் சூப்பர் ஸ்டார். உள்ள சின்ன வால்வு ஒண்ணு முதல்ல திறக்கும், அப்புறம் பெருசு. பூஸ்ட் ஏற ஏற அந்த அழுத்தமே வால்வை இறுக்கி மூடற மாதிரி டிசைன். அருமையான சாமான். ஆனா இதுக்கு இருக்கற அளவு போலி வேற எதுக்கும் இல்ல. பாதி விலையில "அதே மாதிரி" ஒண்ணு கிடைச்சா அது அது இல்ல.

டியால் க்யூ: 50 மில்லிமீட்டர் வாய். பெரிய டர்போ போட்டு, தனியா ட்யூன் பண்ணின வண்டிகளுக்கு ராஜா. நான் வாரத்துல அஞ்சு நாள் போற ஆபீஸ் வண்டிக்கு அவ்வளவு பெரிய வாய் தேவையில்ல.

பாதிக்குப் பாதி வகை: ஜிஎஃப்பி மாதிரி ஆஸ்திரேலியக் கம்பெனிகள் பண்றாங்க. கொஞ்சம் வெளிய, கொஞ்சம் உள்ள. எவ்வளவு வெளியங்கறதை மாத்திக்கலாம். இதுல மனசு ரொம்ப ஊசலாடுச்சு. ஆனா பாதி காத்து போனா பாதி கணக்கு தப்பு, அவ்வளவுதானே.

முழுக்க ரீசர்குலேட்: டர்போஸ்மார்ட், ஃபோர்ஜ்னு பலர் தர்றாங்க. ரப்பருக்குப் பதிலா மெட்டல் பிஸ்டன். கிழியறதுக்கு ஒண்ணும் இல்ல.

கடைசியா, கம்பெனி வால்வே புதுசா ஒண்ணு வாங்கறது. வண்டியை மாத்தாம ஓட்டறவங்களுக்கு இது தப்பே இல்லாத தேர்வு. ஏன்னா ஒரு உண்மையைச் சொல்றேன், நல்லா இருக்கற வால்வைக் கழட்டிட்டு விலை கூடின வால்வு மாட்டினா குதிரைசக்தி ஒண்ணுகூட ஏறாது. ஒழுகற வால்வை மாத்தினா, இழந்தது திரும்ப வரும். அவ்வளவுதான்.

ஸ்பிரிங் விஷயத்துலயும் ஒரு பெரிய புரளி சுத்துது. "அதிக பூஸ்ட்னா கெட்டியான ஸ்பிரிங் போடு"ன்னு. வழக்கமான வால்வுல பிஸ்டனுக்குக் கீழ பூஸ்ட் தள்ளும். மேல மேனிஃபோல்டுல இருந்து ஒரு சின்ன ட்யூப் வருது, முழு வேகத்துல போறப்போ அதுலயும் கிட்டத்தட்ட அதே பூஸ்ட். ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், ஸ்பிரிங் கொஞ்சம் உதவினாப் போதும். த்ராட்டில் மூடினா மேல வேக்குவம் வந்து பிஸ்டனைத் தூக்கிடும். அதனால ஸ்பிரிங்கை எஞ்சின் ஐடில்ல எவ்வளவு வேக்குவம் இருக்குன்னு பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கணும். ரொம்பக் கெட்டின்னா திறக்காது, சர்ஜ் வரும். வெளிய விடற வகையில ரொம்ப இளக்கமா இருந்தா ஐடில்லயே திறந்துக்கும். அப்போ ஃபில்டர் ஆகாத, மீட்டர் எண்ணாத காத்து உள்ள போகும். இப்போ தப்பு எதிர்த் திசையில, கலவை லீன். என் எஞ்சினோட பிஸ்டன்ல ரிங் உக்கார்ற பகுதி பலவீனம்னு சுபாரு வட்டாரமே அறியும். அதைத் திறந்து கட்ட சில ஆயிரம் டாலர். வர்ற மாசம் டயப்பருக்கு பட்ஜெட் போடறவன் அந்தப் பக்கமே போகக் கூடாது.

முடிவு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். டர்போஸ்மார்ட்டோட பிளம்ப்-பேக் வகை, 2008-14 டபிள்யூஆர்எக்ஸுக்குப் பொருந்தறது வாங்கினேன். வருஷம் பார்த்து வாங்கணும், 2007 வரைக்கும் வந்த வண்டியோட வால்வு இதுல உக்காராது. தங்கமணி பெட்டியைப் பார்த்துட்டு, "ஏனுங்க, இது சத்தம் போடறதா, போடாததா?"ன்னு மட்டும் கேட்டாங்க. போடாததுன்னேன். "அப்ப சரிங்க"ன்னு உள்ள போயிட்டாங்க. விலை கேக்கல. தப்பிச்சேன் :-)

மாட்டறது ஒரு மணி நேர வேலை. எஞ்சின் நல்லா ஆறினப்புறம் இன்டர்கூலர்ல கையை வைங்க. பழைய கேஸ்கெட்டைத் திருப்பிப் போடாதீங்க. வேக்குவம் ட்யூபை நேரா மேனிஃபோல்டுல இருந்து, குட்டையா, தனியா கொண்டு வாங்க. அதுலயே கேஜுக்கு ஒரு கிளை எடுத்தா வால்வு சோம்பேறி ஆயிடும். பிஸ்டன் வகைன்னா அப்பப்போ கழட்டித் துடைச்சு, கம்பெனி சொல்ற க்ரீஸ் போடணும். ரப்பர் மாதிரி மாட்டிட்டு மறக்க முடியாது.

மாட்டினப்புறம் லாக் எடுத்தேன். வேஸ்ட்கேட் ட்யூட்டி பழைய இடத்துக்கு வந்துடுச்சு, பூஸ்ட் சொன்ன நேரத்துக்கு ஏறுது. காலை எடுத்தா கலவை அலட்டிக்கவே இல்ல. கிளட்ச் அமுக்கி சிக்னல்ல நின்னா முள்ளு 700-ல போய் கம்முனு உக்காந்துக்குது. ஜன்னலை இறக்கிட்டு, பாலத்துக்கு அடியில போறப்போ காதைத் தீட்டிக்கிட்டா ஒரு சின்ன "ஹ்ஹூஷ்" கேக்கும். எனக்கு மட்டும்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை ஒத்திகை ஓட்டிப் பார்த்தாச்சு. நாலு இடது திருப்பம், நாலுலயும் வண்டி நிக்கல. அப்பாவுக்குச் சொன்னேன். "பழைய வால்வத் தூக்கிப் போட்றாத சாமி, டயஃப்ரம் வெட்டி மாட்டிப் பாக்கலாம். ஊருக்கு வரப்ப கொண்டா"ன்னார். பெட்டியில போட்டு வெச்சிருக்கேன்.

இர்விங் நண்பன் போன வாரம் கூப்பிட்டான். சும்மா கேக்கறானாம், அந்த பிளம்ப்-பேக் என்ன விலைன்னு.